சாந்தினி சௌக்கின் நடுவில் ஒரு குளம் இருந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

சாந்தினி சௌக் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? டெல்லிக்கு ஒருமுறை வந்து போனவர்களைக் கேட்டால் பராட்டா சந்து என்பார்கள், ஜிலேபி என்பார்கள், கல்யாணத்துக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கியதைச் சொல்வார்கள், கடைசியில் கூட்டம், அப்பா என்ன கூட்டம் என்று முடிப்பார்கள். செங்கோட்டைக்கு எதிரே ஆரம்பித்து பதேபுரி மசூதி வரைக்கும் போகிற நீளமான கடைத்தெரு, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த சாந்தினி சௌக். ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தத் தெருவைப் பற்றி இல்லை. அந்தத் தெருவின் பாதி வழியில் ஒரு சதுக்கம் இருந்தது. சாந்தினி சௌக் என்ற பெயர் முதலில் அந்தச் சதுக்கத்துக்குத்தான். பிற்பாடுதான் அந்தப் பெயர் பரவிப் பரவி முழுத் தெருவுக்கும் ஒட்டிக்கொண்டது. தெரு பிழைத்துவிட்டது, சதுக்கம் போய்விட்டது.

எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். செங்கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு நேராக நடங்கள். இடது பக்கம் ஜைனர் கோயில், அதை ஒட்டிப் பறவைகளுக்கான ஆஸ்பத்திரி, பிறகு கௌரிசங்கர் கோயில், இன்னும் கொஞ்சம் போனால் சீஸ்கஞ்ச் குருத்வாரா, அதன் பக்கத்திலேயே தங்க நிறக் கும்மட்டங்களோடு சுனேரி மசூதி. எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் வலது கை பக்கம் மஞ்சள் நிறத்தில், வெள்ளைக்காரர் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று வரும். டவுன் ஹால். அதற்கு நேர் எதிரே, இடது பக்கம், நயீ சடக் என்ற தெரு பிரியும், பாடப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன தெரு. இந்த இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். அதுதான் இடம். அங்கே ஒரு குளம் இருந்தது. எண்கோண வடிவத்தில் சதுக்கம், நடுவில் குளம், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்கால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரப்போகிறேன்: நடுவில் தண்ணீர் இருந்தது.

அதை வைத்தது ஒரு பெண். பேரரசர் ஷாஜகானின் மூத்த மகள் ஜஹனாரா.

ஷாஜகான் என்றால் நமக்கு தாஜ்மகால், தாஜ்மகால் என்றால் மும்தாஜ். அந்த மும்தாஜ் 1631-இல் இறந்தபோது ஜஹனாராவுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் அரண்மனையின் தலைமைப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. அம்மாவின் சொத்தில் பாதியை அப்பா அவளுக்குக் கொடுத்தார், மீதிப் பாதியைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குப் பிரித்தார். சூரத் துறைமுகத்து வருமானம் அவளுக்கு வந்தது, கடல் வாணிபத்துக்குச் சொந்தக் கப்பல் இருந்தது, அந்தக் கப்பலின் பெயர் சாஹிபி. சூஃபி ஞானத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, சிஷ்தி மரபின் பெரியவர்களைப் பற்றிப் பாரசீகத்தில் புத்தகம் எழுதியிருக்கிறாள். 1644-இல் உடுப்பில் தீப்பிடித்து உடம்பெல்லாம் வெந்துபோய், பிழைப்பாளா என்று அரண்மனையே கலங்கி நின்று, நெடுநாள் கழித்து எழுந்து வந்தவள். அப்படி எழுந்து வந்த பிறகு அவள் செய்த காரியங்களில் ஒன்றுதான் நான் சொல்கிற இந்தச் சதுக்கம்.

ஷாஜகான் ஆக்ராவை விட்டு டெல்லிக்குத் தலைநகரை மாற்ற முடிவுசெய்து 1639-இல் கோட்டையும் நகரமும் கட்ட ஆரம்பித்தார். 1648-இல் திறப்பு விழா. ஷாஜகானாபாத் என்று பெயர். இன்றைக்கு நாம் பழைய டெல்லி என்கிறோமே, அதுதான் அன்றைய புது டெல்லி. ராஜா கோட்டை கட்டினார், பெரிய மசூதி கட்டினார், அரச குடும்பத்துப் பெண்களும் ஆளுக்கொன்று கட்டினார்கள். தெருவின் மேற்குக் கோடியில் உள்ள பதேபுரி மசூதி ஷாஜகானின் மனைவியரில் ஒருவரான பதேபுரி பேகம் கட்டியது. ஜஹனாரா என்ன கட்டினாள்? 1650 வாக்கில், சதுக்கமும் குளமும். சதுக்கத்துக்கு வடக்கே பெரிய சத்திரம். சத்திரத்துக்குப் பின்னால் தோட்டம். கவனியுங்கள், ஊருக்கு வருகிறவன் தங்குவதற்கு ஓர் இடம், குளிர்ச்சிக்குத் தண்ணீர், உட்கார்ந்து பேச நிழல். ஒரு புது நகரத்தில் எதுவும் பழகாத மனிதர்களுக்கு முதலில் என்ன தேவைப்படும் என்று யோசித்த மூளை அது.

வாய்க்காலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அது யமுனையிலிருந்து வெகு தூரம் வெட்டிக் கொண்டுவரப்பட்ட கால்வாயின் கிளை. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வெட்டியது, தூர்ந்துபோய்க் கிடந்ததை ஷாஜகான் காலத்தில் சரிசெய்து நகரத்துக்குள் திருப்பினார்கள். அலி மர்தான் கான் என்ற பாரசீகப் பிரபுவின் பெயரை இந்த வேலையோடு சேர்த்துச் சொல்வார்கள். அது கோட்டைக்குள் அரண்மனைக் கூடங்கள் வழியாகவும் ஓடியது, கடைத்தெருவின் நடுவிலும் ஓடியது. சுமார் 40 கஜம் அகலமான தெரு, நட்டநடுவே தண்ணீர், இரண்டு கரையிலும் மரங்கள். நம் ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கோயில் குளத்துக்கு வந்து சேருமே, வேலை அதேதான், சுற்றிலும் கோயிலுக்குப் பதிலாகக் கடைகள்.

சத்திரம் எப்படி இருந்தது என்பதற்கு நேரில் பார்த்தவர் சாட்சி இருக்கிறது. பிரான்சுவா பெர்னியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தக் காலத்தில் டெல்லியில் இருந்தார். 1663-இல் டெல்லியைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். வெயில், புழுதி, தீப்பிடிக்கிற கூரை வீடுகள் என்று டெல்லியின் எல்லாக் குறைகளையும் சொல்லிவிட்டு, பேகம் கட்டிய சத்திரத்தை மனதாரப் புகழ்கிறார். இரண்டு மாடி, சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வருகிற பெரிய வியாபாரிகள் அங்கே அறை எடுத்துத் தங்குகிறார்கள், இரவில் வாசல் கதவை மூடிவிடுவதால் பயமில்லாமல் தூங்குகிறார்கள் என்கிறார். இப்படி இருபது சத்திரங்கள் பாரிஸ் நகரில் ஆங்காங்கே இருந்தால் புதிதாக வருகிறவர்கள் படும் அவதி குறையுமே என்று ஆசைப்படுகிறார். பாரிஸ்காரர் ஒருவர் டெல்லியைப் பார்த்து ஏங்கியிருக்கிறார், நேயர்களே. அந்தக் கட்டடத்தில் இன்று ஒரு செங்கல் கூடக் கிடையாது. ஏன் கிடையாது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அதே பெர்னியர் பார்த்த இன்னொரு காட்சி. எனக்கு இந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் ஞாபகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜஹனாராவுக்குத் தம்பிகளில் உயிர் தாரா ஷுகோ. அக்காவும் தம்பியும் ஒரே சூஃபி மரபில் நாட்டம் உள்ளவர்கள். காசியிலிருந்து பண்டிதர்களை வரவழைத்து உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவர் அந்த தாரா. 1657-இல் ஷாஜகான் நோயில் விழுந்ததும் நான்கு பிள்ளைகளுக்குள்ளும் அரியணைச் சண்டை மூண்டது. ஜஹனாரா நடுவில் புகுந்து, நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு சமாதானமாகப் போங்கள் என்று ஔரங்கசீப்பிடம் பேசிப் பார்த்தாள். நடக்கவில்லை. தாரா தோற்று ஓடினார். ஆக்ராவிலிருந்து பஞ்சாப், சிந்து, குஜராத் என்று துரத்தல். குஜராத் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெர்னியர் அவரை வழியில் சந்திக்கிறார். தாராவின் மனைவிக்குக் காலில் புண், கூட ஒரு வைத்தியர் கூட இல்லை. சில நாள் பெர்னியர் உடன் இருந்து வைத்தியம் பார்த்தார். பிறகு பிரிந்துவிட்டார்கள்.

தாரா மேற்கே ஓடி, மாலிக் ஜீவன் என்ற ஆப்கானியத் தலைவனிடம் அடைக்கலம் கேட்டார். ஏன் அவனிடம் போனார் தெரியுமா? முன்பு ஒருமுறை அவனை யானைக் காலில் இடறிக் கொல்லச் சொல்லி ஷாஜகான் உத்தரவிட்டபோது, அப்பாவிடம் மன்றாடி அவன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர் தாரா. அந்த நன்றி இருக்கும் என்று நம்பிப் போனார். போகிற வழியிலேயே மனைவி இறந்துவிட்டாள். ஜீவன் அவரைப் பிடித்து ஔரங்கசீப்பின் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டான்.

1659 ஆகஸ்ட் மாதம். டெல்லியில் தாராவை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். மக்கள் பார்க்க வேண்டும், இவன் கதை முடிந்தது என்று ஊருக்கே தெரிய வேண்டும், அதுதான் நோக்கம். லாகூர் வாசல் வழியாக நகருக்குள் நுழைந்து பெரிய கடைத்தெரு வழியாக வருகிறார்கள். பெர்னியர் குதிரை மேல் ஏறி, இரண்டு நண்பர்களோடு, கடைவீதியின் நடுவில் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். முன்பு தாரா ஏறி வந்த யானைகள் பர்மாவின் பெகுவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவை, பொன் அலங்காரம், மேலே வண்ணப் பந்தல் என்று அவரே சொல்கிறார். இப்போது வந்ததோ சேறு பூசிய கிழட்டு யானை. அதன் மேல் திறந்த அம்பாரியில் தாரா, பக்கத்தில் சின்னப் பையன், அவர் மகன் சிபிர் ஷுகோ. கழுத்தில் முத்துமாலை இல்லை, அழுக்குத் துணி, தலையில் ஏழைகள் கட்டுகிற மாதிரி ஒரு கந்தல் தலைப்பாகை. பின்னால் உருவிய வாளோடு காவல்.

தெரு முழுக்க அழுகிறது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும், தங்கள் வீட்டிலேயே சாவு விழுந்த மாதிரி அழுகிறார்கள் என்று எழுதுகிறார் பெர்னியர். காட்டிக்கொடுத்த ஜீவன் குதிரையில் கூடவே வருகிறான், அவனைத் திட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். ஆனால் அவ்வளவுதான். வாளை உருவிக்கொண்டு முன்னால் வந்தவர் ஒருவர் கூட இல்லை. இதையும் பெர்னியர் எழுதியிருக்கிறார். சில நாளில் தாராவைக் கொன்றுவிட்டார்கள்.

ஜஹனாரா அப்போது டெல்லியில் இல்லை. ஆக்ரா கோட்டையில், சிறை வைக்கப்பட்ட அப்பாவோடு இருந்தாள். அவர் 1666-இல் கண்ணை மூடும் வரை பக்கத்திலேயே இருந்தாள். இப்போது யோசித்துப் பாருங்கள். அவள் குளம் வெட்டி, வாய்க்காலில் தண்ணீர் விட்டு, மக்கள் வந்து நிற்கட்டும் என்று அமைத்த தெரு. அதே தெருவில், அதே மக்கள் கூடி நிற்க, அவள் தம்பியை இப்படிக் கொண்டு போனார்கள். ஒரு சதுக்கம் அமைக்கிறவர்களுக்கு அதில் பின்னால் என்ன நடக்கும் என்பது கையில் இல்லை. மக்கள் கூடுகிற இடம் என்றால் அரசாங்கத்துக்கும் அதுதான் தன் பலத்தைக் காட்டத் தோதான இடம். இந்தத் தெருவின் கதையில் இது மறுபடி மறுபடி வரும்.

1675-இல் வந்தது. சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூரை ஔரங்கசீப்பின் ஆணைப்படி இந்தத் தெருவில்தான், கொத்தவால் சாவடிக்கு, அதாவது நகரக் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில், தலையை வெட்டினார்கள். சீஸ்கஞ்ச் குருத்வாரா அந்த இடத்தில்தான் இருக்கிறது. தலையை ஒரு சீடர் எடுத்துக்கொண்டு ஆனந்தபூர் வரை ஓடினார், உடலை லக்கி ஷா என்ற வணிகர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டோடு சேர்த்து எரித்து ஈமக்கடன் செய்தார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரகாப்கஞ்ச் குருத்வாரா அந்த இடம். ஒரு வணிகர் தன் வீட்டையே கொளுத்தியிருக்கிறார், அந்த ஒரு காரியத்துக்காக. தாராவின் ஊர்வலத்தில் யாரும் முன்வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதே நகரத்தில்தான் இதுவும்.

சரி, எப்போதும் ரத்தமும் கண்ணீரும் மட்டும் இல்லை. 1730-களின் கடைசியில் தர்கா குலி கான் என்பவர் தக்காணத்திலிருந்து டெல்லிக்கு வந்து சில வருஷம் தங்கி, பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். அவர் காட்டுகிற சாந்தினி சௌக்கில் காபிக் கடைகள் இருக்கின்றன! காபி குடிக்கிற நம் எல்லோருக்கும் இது சந்தோஷமான செய்தி. கவிஞர்கள் அங்கே வந்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கவிதை சொல்லிக்கொள்கிறார்கள், நாள்தோறும். இன்னொரு கதையும் அவர் சொல்கிறார். ஒரு பணக்கார வீட்டுப் பையன், அப்பா காலமாகிவிட்டார், சாந்தினி சௌக்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அம்மா அவனிடம் ஒரு லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதை வைத்து அங்கே அபூர்வமான சாமான்களை வாங்க முடியாதுதான், ஏதோ தேவையானதை வாங்கிக்கொள்ளப்பா என்று வருத்தத்தோடு சொல்கிறாள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தக் கடைத்தெருவைப் பற்றி ஊருக்குள் எவ்வளவு பெருமை இருந்தது என்பது அதில் தெரிகிறது.

அந்தப் பெருமைதான் நாதிர் ஷாவை இழுத்துவந்தது. 1739 மார்ச் மாதம், பாரசீகத்திலிருந்து படையோடு வந்த நாதிர் ஷா, சுனேரி மசூதியில் உட்கார்ந்துகொண்டு நகரத்து மக்களை வெட்டச் சொன்னான். ஒரு பகல் பொழுது முழுக்க வெட்டினார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிற்பாடு அரசு தளர்ந்தது, கால்வாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தண்ணீர் நின்றது. 1820 வாக்கில் வெள்ளைக்காரர்கள் மறுபடி சரிசெய்து தண்ணீர் விட்டபோது மக்கள் அதைக் கொண்டாடினார்கள். கொஞ்ச காலம் ஓடியது.

அப்புறம் 1857.

அந்தக் கிளர்ச்சியைப் பற்றி உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். செப்டம்பரில் ஆங்கிலேயர் டெல்லியைத் திரும்பப் பிடித்த பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. கடைசி முகலாயர் பகதூர் ஷாவின் மகன்கள் இருவரையும் பேரன் ஒருவனையும் ஹாட்ஸன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்று, உடல்களைக் கொண்டுவந்து கொத்தவால் சாவடிக்கு எதிரே போட்டார். இதே தெரு. தூக்கு மரங்களும் இதே தெருவில். நகரத்து மக்களை வெளியேற்றினார்கள், இந்துக்களைக் கொஞ்சம் முன்னதாகத் திரும்ப விட்டார்கள், முஸ்லிம்களை வெகு தாமதமாக. பதேபுரி மசூதியை ஏலத்தில் விட்டார்கள். சுன்னாமல் என்ற வணிகர் எடுத்தார், 1877-இல்தான் அது திரும்ப முஸ்லிம்கள் கைக்கு வந்தது. கோட்டையைச் சுற்றி வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பெர்னியர் ஏங்கிய அந்தச் சத்திரத்தையும் இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் நான் முதலில் சொன்ன மஞ்சள் கட்டடம், டவுன் ஹால். ஜஹனாராவின் தோட்டத்துக்கு ராணியின் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். குளத்தைத் தூர்த்துவிட்டு, அதன் இடத்தில் உயரமாக ஒரு மணிக்கூண்டு.

நடுவில் தண்ணீர் இருந்தது என்று சொன்னேன் இல்லையா. இப்போது அங்கே கடிகாரம். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை மணிக்கு அலுவலகம் போக வேண்டும் என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று. மணிக்கூண்டு தேவை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் அது மக்களுக்கு உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குளக்கரையில் உட்காரலாம், மணிக்கூண்டின் அடியில் யாரும் உட்கார்வதில்லை. தெற்கே நயீ சடக்கை வெட்டியபோது சதுக்கம் நாற்சந்தி ஆகிவிட்டது. டவுன் ஹாலுக்கு முன்னால் விக்டோரியா ராணியின் சிலை வந்தது.

கவிஞர் மிர்சா காலிப் இந்தத் தெருவிலிருந்து பிரிகிற பல்லிமாரான் பகுதியில், காசிம் ஜான் சந்தில் குடியிருந்தவர். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். டெல்லி எப்படி இருக்கிறது என்று கேட்ட நண்பருக்கு அவர் எழுதிய பதிலில், இந்த ஊரின் உயிர் ஐந்து விஷயங்களில் இருந்தது என்று கணக்குச் சொல்கிறார்: கோட்டை, சாந்தினி சௌக், ஜாமா மசூதி கடைவீதி, வாராவாரம் யமுனைப் பாலத்துக்குப் போகும் உலா, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பூக்காரர் திருவிழா. ஐந்தும் போய்விட்ட பிறகு டெல்லி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். கோட்டைக்கு அடுத்து அவர் வாயில் வருவது சாந்தினி சௌக், பாருங்கள். ஒரு கவிஞனுக்கு அது வெறும் கடைத்தெருவாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

பல வருஷங்களுக்கு முன்பு ஊரிலிருந்து வந்த என் பெரியம்மாவை தரீபாவில் வெள்ளிக் கொலுசு வாங்க அழைத்துப்போனேன். வெயில். கடை கடையாக ஏறி இறங்கி, டவுன் ஹால் பக்கம் வந்ததும் அவரால் முடியவில்லை. “ஏம்மா, இவ்வளவு பெரிய தெருவில் மனுஷர் உட்கார ஒரு திண்ணை கூடவா இல்லை?” என்றார். அன்றைக்கு ஒரு கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் நின்ற இடத்தில்தான் 200 வருஷத்துக்கு மேல் குளமும் நிழலும் இருந்தன என்பதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். “பெண்பிள்ளை கட்டினதா, அதான்” என்றார் அவர். நான் அதற்கு மேல் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணிக்கூண்டுக் காலத்தையும் மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள், அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1911-இல் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். 1912 டிசம்பர் 23 அன்று வைஸ்ராய் ஹார்டிங் யானை மேல் ஊர்வலமாக இதே தெரு வழியாக வந்தார். பழைய பாடம்தான், யானை, ஊர்வலம், அதிகாரம். ஆனால் இந்தத் தடவை மாடியிலிருந்து குண்டு விழுந்தது. வைஸ்ராய் காயத்தோடு தப்பினார், அவருக்குக் குடை பிடித்த பணியாள் இறந்துபோனார், யாருடைய ஊர்வலமோ, போனது ஓர் ஏழையின் உயிர். திட்டம் போட்ட ராஷ் பிஹாரி போஸ் தப்பி, பின்னால் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள்.

1919 மார்ச் 30. ரௌலட் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் கடையடைப்பு. ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு, பிறகு டவுன் ஹால் பக்கமும் சூடு, பலர் இறந்தார்கள். அன்று மாலை கூட்டத்தோடு வந்த சுவாமி சிரத்தானந்தரை மணிக்கூண்டுக்கு அருகே கூர்க்காப் படையினர் துப்பாக்கியை நீட்டித் தடுத்தார்கள். காவி உடுத்த அந்தப் பெரியவர் முன்னால் வந்து, மார்பைத் திறந்து காட்டி, சுடுங்கள் என்றார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. சில நாள் கழித்து ஜாமா மசூதிக்குள் முஸ்லிம்கள் அவரை அழைத்துப் பேச வைத்தார்கள், ஓர் ஆரிய சமாஜத் துறவியை. யாரும் முன்வரவில்லை என்று பெர்னியர் எழுதிய அந்த தாரா ஊர்வலம் நடந்து 260 வருஷம் கழித்து, அதே தெருவில் ஒருவர் முன்வந்து நின்றார். எனக்கு இந்த இரண்டு காட்சிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு விக்டோரியா சிலையை எடுத்துவிட்டு அங்கே சிரத்தானந்தர் சிலையை வைத்தார்கள். மணிக்கூண்டு 1950-களின் தொடக்கத்தில் ஒரு நாள் இடிந்து விழுந்தது, கீழே இருந்தவர்கள் சிலர் இறந்தார்கள், மீதியையும் அகற்றிவிட்டார்கள். இன்றைக்கும் ரிக்‌ஷாக்காரரிடம் கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, போக வேண்டும் என்று சொல்லுங்கள், சரியாக அங்கே இறக்கிவிடுவார்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிஷம் போலிருக்கிறது. டிராம் வண்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். 1908-இல் ஆரம்பித்து 1963 வரை இந்தத் தெருவில் ஓடியது, இத்தோடு விட்டுவிடுகிறேன். காரி பாவ்லி மசாலாச் சந்தையையும் விட்டுவிடுகிறேன்.

சொல்லியே ஆக வேண்டியது, தெருவை அண்மையில் புதுப்பித்தது. 2021 செப்டம்பரில் திறந்தார்கள். சிவப்புக் கல் பாவி, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் வரக்கூடாது என்று விதி வைத்தார்கள். விதியை மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், கடைக்காரர்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதில் சிரமம் இருக்கிறது, எல்லாம் உண்மை. இருந்தாலும் கைக்குழந்தையோடு ஒரு பெண் தெருவின் நடுவில் பயமில்லாமல் நடந்து போவதை நான் பார்த்தேன், இதற்கு முன்னால் நான் அங்கே பார்க்காத காட்சி. செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நடுவில்? குளம் இருந்த இடத்தில் கல்தான் பாவியிருக்கிறது. டவுன் ஹாலிலிருந்து மாநகராட்சி அலுவலகம் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு பெரிய கட்டடம், ஜஹனாராவின் சத்திரம் நின்ற மண். அதை என்ன செய்யலாம் என்று பல யோசனைகள் பேசப்பட்டு வருகின்றன. என்னைக் கேட்டால், முன்னால் சின்னதாகவாவது ஒரு குளம், சுற்றிலும் நிழலுக்கு மரம், உட்காரக் கரை, அதற்கு ஜஹனாராவின் பெயர். கட்டடத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கட்டுப்படியான வாடகைக்குத் தங்க ஒரு சத்திரம். பணக்கார ஹோட்டலாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

டெல்லிக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், இடம் கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் கோட்டு மெட்ரோவில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கினால் டவுன் ஹால் பக்கத்திலேயே. ஜஹனாராவையும் பார்க்க வேண்டும் என்றால் நிஜாமுதீன் தர்காவுக்குப் போக வேண்டும், 1681-இல் இறந்த அவளை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். மேலே கூரை கிடையாது, சலவைக்கல் சமாதியின் உச்சியில் மண் நிரப்பிப் புல் வளர விட்டிருக்கிறார்கள், அவள் கேட்டுக்கொண்டது அப்படி. தர்காவின் உள்முற்றத்திலேயே இருக்கிறது, சலவைக்கல் தடுப்புக்குள். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வியாழக்கிழமை மாலை கவ்வாலி பாடுவார்கள், கூட்டம் அதிகம், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.